கேப்டனுக்கு ஒரு மாலை

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட அது மேல். உயிரோடு, திடகாத்திரமாக, குளிரில் மூக்கு நுனி சிவக்க நின்றுகொண்டிருந்த என் சொந்த மகளின் கழுத்தில், ஒரு மைதானம் கொள்ளாத ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, நானே ஓடிப்போய்ச் சாவு மாலையைப் போட்டேன். போட்டதோடு விட்டேனா? நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டு, பல் அத்தனையும் தெரியச் சிரித்தேன். எனக்குப் பல் கொஞ்சம் பெரிசு. கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்தில் இதை வாசிப்பவர்களுக்கு இது விளங்காது. ரங்கூனிலும் நெட்டாலிலும் பினாங்கிலும் இருக்கிற நம்மவர்களுக்குப் பாதி விளங்கும். இந்த மெல்போர்ன் பட்டணத்தில் பூவை யாரும் தலையில் வைப்பதில்லை, கழுத்தில் போடுவதில்லை. மேஜைமேல் ஜாடியில் வைத்து, அது வாடும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பூவை வட்டமாகக் கட்டினால் அதற்கு இரண்டே இடம்தான்: பிணப்பெட்டியின் மேல், அல்லது யுத்தத்தில் செத்த பிள்ளைகளின் பெயர் வெட்டிய கல்லின் அடியில். இத்தனை வருஷம் இந்த ஊரில் குடியிருந்தும் உனக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். வட்டமாகக் கட்டிய பூவுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நானும் நின்றிருக்கிறேன். ஆனால் அது அவர்களுடைய சாவுப் பூ, இது நம்முடைய மாலை என்று என் மண்டைக்குள் இரண்டு தனித்தனிப் பெட்டி இருந்தது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான் என்பது, நான் கட்டியது என் மகள் கழுத்தில் விழுந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

மகளின் பெயர் ரோசம்மா. ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் ரோஸ் என்று சுருக்கிவிட்டார். அவள் தாய் நோரா, அயர்லாந்திலிருந்து வந்தவர்களின் பேத்தி, சலவைக் கடையில் இஸ்திரி போட்டவள். நான் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்காரன். அவள் மேல் சோப்பு வாசனை, என் மேல் மற்ற வாசனை. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லித்தான் கல்யாணம் கேட்டேன். அவள் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் சரி என்றும் சொல்லிவிட்டாள். அந்தச் சிரிப்பை நம்பி வந்ததற்கு அவள் இன்னமும் வருத்தப்படுகிறாளா என்று நான் கேட்டதில்லை. ரோஸுக்கு என்னை 'நைனா' என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்தேன். அதைத் தவிர அவளுக்குத் தெரிந்த தமிழ் ஒரு கைப்பிடிதான், அதிலும் பாதி வசவு. பேச்செல்லாம் இங்கிலீஷ்தான். கோபம் வந்தால் மட்டும் நம் ஊர்ப் பேச்சு வரும். ஆம்பூர் பஜாரில் விட்டால் ஒரு சொல் பிசகாமல் சண்டை போட்டுவிட்டு வருவாள்.

அவள் வேலை பார்ப்பது பந்து தைக்கும் பட்டறையில். நான் சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிர் நீக்கிக் கொடுக்கிற தோல்தான் ஆற்றங்கரைச் சந்து நாலு தாண்டி, பதமாகி, வெட்டாகி அவள் மடிக்கு வந்து சேரும். இங்கே ஃபுட்பால் என்றால் உருண்டைப் பந்து இல்லை. வாத்து முட்டை மாதிரி நீளப் பந்து. நாலு துண்டுத் தோலை உள்பக்கம் வெளியே இருக்கும்படி தைத்து, கடைசியில் ஒரு சின்ன வாய் வழியாக முழுசையும் புரட்டி எடுக்க வேண்டும். மணிக்கட்டு பலமாக இருந்தால்தான் முடியும். வாரமெல்லாம் தைக்கிற பந்தைச் சனிக்கிழமை மத்தியானம் போய் உதைப்பாள். செய்கிற வேலையின்மேல் இவ்வளவு ஆத்திரமா என்று நான் கேலி செய்வதுண்டு.

அந்த ஆட்டத்தை நான் முதலில் பார்த்தபோது ஏதோ தகராறு என்று நினைத்து விலக்கிவிடப் போனேன். காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தி அடுத்தவருக்குக் கொடுக்கலாம், முன்னால் நிற்பவர் முதுகில் முழங்காலை ஊன்றி ஏறிக்கூட ஆகாயத்தில் பந்தைப் பிடிக்கலாம். அப்படிப் பிடித்தால் கைதட்டுகிறார்கள். நம் ஊரில் பஞ்சாயத்து வைப்பார்கள். மைதானத்தின் இரண்டு கடைசியிலும் நாலு நாலு கம்பம். நடுவில் இருக்கிற இரண்டு கம்பத்துக்கு ஊடே பந்து போனால் ஆறு புள்ளி. குறி தவறிப் பக்கத்துக் கம்பத்தை ஒட்டிப் போனாலும் ஒரு புள்ளி உண்டு. தவறினவனுக்கும் ஏதோ கொடுத்தனுப்புகிற ஆட்டம் என்பதால் எனக்கு அது பிடித்துப்போயிற்று. என் கதையும் அதுதானே? பட்டணம் போய் ஒரு துரை வீட்டில் குதிரைக்காரனாகலாம் என்று காட்பாடியில் ரயில் ஏறினேன். துறைமுகத்தில் பட்டாளத்துக் குதிரைகளை இறக்கிவிட்டு இந்தத் தேசத்துக்குத் திரும்புகிற கப்பலில் கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஏறினேன். குறி தவறி இந்தப் பக்கத்துக் கம்பத்தில் வந்து விழுந்தேன். நான் உள்ளே வந்த சில வருஷத்தில் நம் நிறத்துக்காரர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். அதுமுதல் நான் சாத்தின வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட பூனை.

ரோஸ் சின்ன வயதில் எங்கள் தெருப் பையன்களோடுதான் விளையாடினாள். வளர்ந்ததும் பையன்கள் அவளை விலக்கிவிட்டார்கள். பெண் பிள்ளையிடம் தோற்பது அவர்களுக்குப் பேஜாராக இருந்தது. அப்புறம் யுத்தம் வந்தது, பையன்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். காயம்பட்ட சிப்பாய்களுக்கு உதவி சேர்க்கிறோம் என்று பட்டறைப் பெண்கள் ஆட ஆரம்பித்தார்கள். தலையில் துணிக் குல்லாய், முழங்காலுக்குக் கீழே இறங்கின கால்சட்டை. பார்க்க வந்தவர்கள் முதலில் வேடிக்கைக்குத்தான் வந்தார்கள். வேலியோரம் நின்று 'ஏய் கறுப்பி' என்று என் மகளைக் கூப்பிட்டவனும் உண்டு. அவள் வாயால் பதில் சொல்லவில்லை. அடுத்த பந்து அவன் தொப்பியைத் தட்டிக்கொண்டு போனது. அது தற்செயல் என்றாள். என் மகளுக்குத் தற்செயல்கள் அதிகம்.

அவளைக் கேப்டனாக்கியது பெண்களேதான். அவள் செய்த யுக்தி ஒன்று உண்டு. பட்டறை பெஞ்சில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து தைக்கிறார்களோ, அதே வரிசையில் அவர்களை மைதானத்தில் நிறுத்தினாள். வருஷக்கணக்காக, தலை நிமிராமல், நூலும் ஊசியும் மெழுகும் கைமாற்றிப் பழகின பெண்கள். யார் கை எப்போது நீளும் என்று பக்கத்தில் இருப்பவளுக்குத் தெரியும். பந்தையும் அப்படியே திரும்பிப் பார்க்காமல் கொடுத்தார்கள், அவளும் வாங்கினாள். எதிரணிக்குத் தலை சுற்றியது. "எங்கிருந்து கற்றுக்கொண்டாய்?" என்று பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டபோது, "வேலை செய்கிற இடத்தில்" என்றாள். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. 'கருநிறக் கேப்டன்' என்று மட்டும் எழுதினார். போன வருஷம்வரை தோல் பட்டறைப் பெண்களின் அணி அவள் கையில்தான் இருந்தது. அந்தக் கேப்டன் பதவிக்குத்தான் நான் உலை வைத்தேன்.

கேப்டன் என்றால் என்ன என்று நோரா எனக்கு விளக்கியபோது, 'மேஸ்திரி' என்று புரிந்துகொண்டேன். நம் பக்கத்தில் மேஸ்திரியின் இடம் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோல் ஷாப்பில் யாருக்கு வேலை, யாருக்கு இல்லை, யார் குழியில் இறங்குவது, யார் நிழலில் உட்கார்வது, எல்லாம் அவர் வாயில். ஆயுத பூஜையன்று கத்திக்கும் தொட்டிக்கும் பொட்டு வைத்த கையோடு, மேஸ்திரி கழுத்தில் மாலை விழும். நாங்கள் வேதக்காரர்கள், பூஜையில் நிற்கமாட்டோம். ஆனால் மாலைக்குப் பூ பறித்து வருவதும் கட்டிக் கொடுப்பதும் எங்கள் வீட்டு வேலை. கட்டிக் கொடுத்தே பழகின குடும்பத்தில் ஒருத்தி மேஸ்திரியாகிவிட்டாள் என்றால், என் கை சும்மா இருக்குமா?

ஆகஸ்டு மாசம் இங்கே கடுங்குளிர். அந்தக் குளிரில் வாட்டில் என்ற மரம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளும். அதன் பட்டையைப் போட்டுத்தான் இங்கே தோல் பதப்படுத்துகிறார்கள். நமக்கு ஆவாரம்பட்டை எப்படியோ அப்படி. ஆவாரையும் மஞ்சள், இதுவும் மஞ்சள். தோலுக்குப் பட்டை கொடுக்கிற செடிகொடிகளுக்கு மஞ்சள்தான் பூக்க வேண்டும் என்று ஆண்டவர் ஒரு சட்டம் வைத்திருக்கிறார் போலும். நான் ஆற்றங்கரையில் பறித்து வந்து, பந்து தைக்கிற மெழுகு நூலில் கட்டினேன். அது பூவா, மஞ்சள் தூசியா? ஒரு முழம் கட்டுவதற்குள் தும்மித் தும்மி மூக்கு வீங்கிவிட்டது. எடுப்பாக இருக்கட்டும் என்று இடையிடையே கரும்பச்சை இலை வைத்தேன். கீழே குஞ்சம் வேண்டுமே? நோராவின் பழைய தொப்பி ஒன்றிலிருந்து ஊதா ரிப்பனைக் கழற்றிக் கட்டினேன். அது அவள் சாவு வீட்டுக்கு மட்டும் போட்டுப்போகிற தொப்பி என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அன்றைய ஆட்டம் யுத்தத்தில் கை கால் போனவர்களின் இல்லத்துக்காக. அவர்களைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து முன்வரிசையில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் கறுப்பு உடுத்திய தாய்மார்கள். இரண்டு அணிப் பெண்களும் நடு மைதானத்தில் வரிசையாக நிற்க, வாத்தியக்காரர்கள் ராஜாவின் பாட்டை வாசித்து ஓய்ந்தார்கள். இதுதான் சமயம் என்று நான் வேலியைத் தாண்டி ஓடினேன். ரோஸ் என்னைவிட உயரம். நான் வருவதைப் பார்த்துத் திகைத்தாள், ஆனால் நான் எட்டிக் கையைத் தூக்கினதும் பழக்கத்தில் தலையைக் குனிந்தாள். மாலை விழுந்தது. ஆண்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். அடேயப்பா, என் மகளுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் கும்பிட்டுக் கும்பிட்டுச் சிரித்தேன். செத்தவர்களை நினைத்துத் தலை குனிந்திருந்த ஊருக்கு நடுவே, ஒரு கறுப்பு மனுஷன் பல்லைக் காட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். கறுப்பு உடுத்தியிருந்த ஒரு அம்மாள் 'ஓ' என்று அழுதார். அவர் மகனுக்குக் கல்லறைகூட இல்லையாம், எங்கே விழுந்தான் என்றே தெரியாதாம். அது எனக்கு அப்புறம்தான் தெரியும். அப்போது ரோஸ் என் காதில், "நைனா, வெளியே போ" என்றாள். போனேன்.

அந்த மைதானம் ஆண்கள் கிளப்புக்குச் சொந்தம். அதன் காரியதரிசி மிஸ்டர் பார்க்கர். பெண்கள் ஆடுவதே அவருக்குப் பிடிக்காது. கேப்டனின் நிறம் அதைவிடப் பிடிக்காது. ஆனால் கனவான் ஆனபடியால் இரண்டையும் வெளியே சொல்லாமல் காத்திருந்தார். நான் அவருக்கு வழி செய்து கொடுத்தேன். திங்கட்கிழமை பட்டறைக்கே வந்து ரோஸிடம் சொன்னார்: "வருகிற சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் உன் தகப்பன் எல்லோருக்கும் எதிரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் வேறு பெண் கேப்டனாக இருப்பாள். இரண்டும் இல்லையென்றால் மைதானம் இல்லை."

"எங்கப்பா அவமரியாதை பண்ணவில்லை. அவர் ஊரில் அது மரியாதை" என்று ரோஸ் சொன்னாளாம்.

"இது அவர் ஊர் இல்லையே" என்றாராம் பார்க்கர்.

அந்த வாரம் எங்கள் வீட்டுச் சமையலறை பள்ளிக்கூடமானது. நோரா இஸ்திரிப் பெட்டியைப் பிடித்த கையோடு வாத்தியார். எனக்கு மூன்றே வாக்கியம். சீமான்களே சீமாட்டிகளே, நான் அறியாமல் செய்தேன், செத்தவர்களை நான் மதிக்கிறேன், மன்னியுங்கள். நான் ஒவ்வொரு தடவையும் எங்காவது ஒரு வேடிக்கையை நுழைத்துவிடுவேன். "சிரிக்காதே, சாம்" என்பாள் நோரா. சாமுவேல் இங்கே வந்து பாதியாகி சாம் ஆகிவிட்டேன். "நீ சிரித்ததால்தான் வந்தது இவ்வளவும். நீ செய்கிற கோமாளித்தனத்துக்கு அவள் வேலியோரம் நிற்பவன்களிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. புரிகிறதா உனக்கு?" புரிந்தது. ரோஸ் மடியில் புரட்டாத பந்து ஒன்றை வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் கேப்டன் பதவி ஒன்றுதான், இந்த ஊரில் அவளுக்கு எவரும் அவள் தகப்பன் முகத்தைப் பார்த்துக் கொடுக்காத சங்கதி.

இங்கே ஒன்றைச் சொன்னால்தான் பின்னால் நடந்தது விளங்கும். ஆம்பூரில் நான் வாளி தூக்குகிற வயதில், பதமான தோலைக் களத்தில் காயப் போட்டிருந்தபோது ஏலகிரிப் பக்கமிருந்து திடுமென்று மழை இறங்கியது. காவலுக்கு இருந்தவர் என் நைனா. ஓடி ஓடி அள்ளினார். பாதிக்கு மேல் நனைந்து திட்டுத் திட்டாகிவிட்டது. மேஸ்திரி வந்தார்.

"இன்னாடா, மானம் கறுக்கிறது தெரியல? ரெண்டு கண்ணும் இன்னாத்துக்கு கீது உனக்கு?"

"பொசுக்குனு வந்துட்ச்சுங்க மேஸ்திரி. என்மேல தப்புதாங்க, மன்னிச்சிக்கங்க" என்று நைனா அந்த ஈரக் களத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்தவனை 'எழுந்திரு' என்று, யார் எதிரில் விழுந்தானோ அவர்தான் சொல்ல வேண்டும், அதுதானே முறை? மேஸ்திரி சொல்லவில்லை. கழுத்தில் ஒரு காலத்தில் எங்கள் வீட்டு மாலை விழுந்த அதே மேஸ்திரி, நைனாவைச் சுற்றிக்கொண்டு போய், கெட்டுப்போன தோலைக் காலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, வெற்றிலை போடப் போய்விட்டார். களம் நிறைய ஆட்கள். எல்லோருக்கும் நடந்தது புரிந்தது, ஒருவரும் கிட்டே வரவில்லை. வந்தால் அவர்கள் வேலைக்கு ஆபத்து. நானும் வாளியோடு நின்றேன். ஷாப்பு மணி அடித்ததும் நைனா தாமாக எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, "மழைல நனைஞ்ச தரை, படுக்க ஜோராத்தான் கீது" என்றார். என் வாய்த்துடுக்கு அவரிடமிருந்து வந்த சொத்து. அந்தத் துடுக்கைத் தவிர வேறு ஒன்றையும் எடுத்துக்கொள்ளாமல்தான் நான் காட்பாடிக்கு நடந்தேன். எவர் காலிலும் விழாத ஊராகப் பார்த்துப் போவது என்று தீர்மானம்.

இந்தக் கதையை ரோஸுக்குச் சின்ன வயதில் நான் வேடிக்கையாக நடித்துக் காட்டுவேன். நான் சமையலறைத் தரையில் நைனாவாக விழுவேன், நோரா மேஸ்திரியாக என்னைச் சுற்றிக்கொண்டு போவாள். குழந்தை கைகொட்டிச் சிரிக்கும். கொஞ்சம் பெரியவளான பிறகு ஒரு நாள் சிரிக்கவில்லை. அதோடு நாடகத்தை நிறுத்திவிட்டேன்.

சனிக்கிழமை வந்தது. நடு மைதானத்தில் பார்க்கர் நின்றார். அவர் பக்கத்தில் அன்று அழுத அந்த அம்மாளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். 'சீமான்களே' என்று ஆரம்பித்தேன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான். நோரா இஸ்திரி போட்டு மடித்து வைத்த மூன்று வாக்கியமும் எங்கே போயிற்றோ தெரியாது. நாக்கு போனதும் உடம்பு, தனக்குத் தெரிந்த ஒரே பாஷையைப் பேசிவிட்டது. நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். அந்த அம்மாள் காலில்தான் விழுந்தேன், சத்தியமாக. ஆனால் குறி தவறுவது என் ஜாதகம் ஆயிற்றே? என் மூக்குக்கு நேரே இருந்தது பார்க்கரின் பூட்ஸ். கன்றுக்குட்டித் தோல், நல்ல குரோம் பதம், மடிப்பில் ஒரு வெடிப்பு இல்லை. முகம் சேற்றில் இருக்கும்போதும் தோல்காரன் புத்தி தோலைத்தான் பார்க்கிறது.

'எழுந்திரு' என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. அதற்குப் பதில் ஊதல் சத்தம் கேட்டது. "மயங்கி விழுந்துவிட்டான்!" "காலரைத் தளர்த்துங்கள்!" காலடிகள் ஓடிவந்தன. நாலு பேர் என்னைப் புரட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஸ்ட்ரெச்சரில் போட்டார்கள். நான் மயங்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒருவர் அதில் பிராந்தி ஊற்றினார். அழுத அம்மாள் தம் கறுப்பு மேல்துணியைக் கழற்றி என்மேல் போர்த்தினார். "பாவம், உடம்பு சரியில்லாத மனுஷனைப் போய் நிற்க வைத்தீர்களே" என்று பார்க்கரைக் கடிந்துகொண்டார். ஸ்ட்ரெச்சரில் ஆகாயத்தைப் பார்த்தபடி போகும்போது எனக்குத் தோன்றியது இதுதான். ஆம்பூரில் என் நைனா விழுந்தது எல்லோருக்கும் புரிந்தது, தூக்க ஒருவர் வரவில்லை. இங்கே நான் விழுந்தது ஒருவருக்கும் புரியவில்லை, தூக்க நாலு பேர் வந்தார்கள். இதில் எந்த ஊர் நல்ல ஊர் என்று உங்களில் யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஒருவருக்கும் புரியவில்லை என்றது பிசகு. ஒருத்திக்குப் புரிந்தது. ரோஸ் தன் சட்டைக் கையில் கட்டியிருந்த, கேப்டனுக்கு அடையாளமான வெள்ளைத் துணியைப் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டே பார்க்கரிடம் வந்தாள். அவர் மனுஷத்தன்மையோடுதான், "போகட்டும். மன்னிப்பு கேட்டதாகவே வைத்துக்கொள்கிறோம். நீயே கேப்டனாக இரு" என்றார்.

"எங்கப்பா மயங்கி விழவில்லை" என்றாள் ரோஸ்.

"என்ன?"

"அவர் மயங்கவில்லை. இதை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்." துணியை அவர் கையில் வைத்துவிட்டு, பெண்களோடு பெண்ணாகப் போய்க் கடைசியில் நின்றாள். அன்று அவள் ஆடியதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள், பந்து அவளிடம் வரவே பயந்தது என்று. ஆனால் கட்டளையிட ஆள் இல்லாத அணி, பெஞ்சு வரிசை கலைந்துபோயிற்று. முடிவில் ரோஸ் உதைத்த உதை பக்கத்துக் கம்பத்தை ஒட்டிப் போய் ஒரு புள்ளி கிடைத்தது. தோற்றார்கள்.

வீட்டுக்குப் போகிற டிராமில் அவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். என் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள், அது தோல் ஷாப்புக்காரனுக்கு இரண்டு தேசத்திலும் கிடைக்கிற சௌகரியம். பார்க்கரின் பூட்ஸைப் பற்றிச் சொன்னேன். பிராந்தி நல்ல சரக்கு என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது மட்டும், "உனக்கு எல்லாமே வேடிக்கைதானா?" என்று கேட்டாள். பத்திரிகையில் திங்கட்கிழமை, 'கேப்டனின் தகப்பனார் வெயில் தாங்காமல் மயங்கினார்' என்று போட்டிருந்தது. அன்று குளிரில் குழாய்த் தண்ணீர் உறைந்திருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. பார்க்கர் சொன்னபடியே மைதானம் போயிற்று, பதவி போயிற்று, சனிக்கிழமை மத்தியானங்களில் அவள் சும்மா உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆம்பூருக்கே போய்விட்டால் அவளைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு கறுப்பு மனுஷனின் பல் ஞாபகத்துக்கு வராது என்று கணக்குப் போட்டேன். போனால் திரும்பி வர உரிமைச் சீட்டு வேண்டும், அதற்கு உள்ளங்கை ரேகையை மையில் பதிய வேண்டும். ஆபீசில் குமாஸ்தா என் கையை மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தார். வெறும் கறுப்புத் திட்டு விழுந்தது. மறுபடி வைத்தார். அதே திட்டு. "உன் கையில் ஒன்றுமே இல்லையே?" என்றார். பாதியை ஆம்பூர்ச் சுண்ணாம்பு தின்றது, மீதியை உங்கள் ஊர்ச் சுண்ணாம்பு தின்றது, இரண்டு பேரும் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வேறு ஒரு நாள் வரச் சொன்னார். நான் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், மறுபடி போகவில்லை. கையைப் பார்த்த ரோஸ் மை எங்கே பட்டது என்று கேட்டாள், சொன்னேன். அவள் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, பந்துக்குப் போடுகிற மெழுகுத் துணியை எடுத்துத் துடைத்துவிட்டாள்.

இந்த வருஷம் ஆகஸ்டில் பட்டறைப் பெண்கள் அவர்களாகவே கூடினார்கள். கிளப் இல்லை, வாத்தியம் இல்லை, காரியதரிசி இல்லை. எங்கள் தோல் ஷாப்புக்குப் பின்னால், ஆற்றை ஒட்டி மாடு மேய்கிற மேடு பள்ளமான நிலம் ஒன்று. காலையில் மாட்டை ஓட்டி, சாணியை அள்ளி (அந்த வேலையில் எனக்குக் கப்பல் அனுபவம் உண்டு), சவுக்கு மாதிரி நெட்டை மரக் கழிகளைக் கொண்டுவந்து பக்கத்துக்கு நாலாக நட்டோம். குழியின் நாற்றம் காற்றோடு வந்தது. எதிரணிப் பெண்கள் மூக்கைப் பிடித்தார்கள், எங்கள் பெண்களுக்கு அது பழக்கம். ஆடுமுன்பே பாதி வெற்றி. பெஞ்சு வரிசைப்படி நின்றுகொண்டு, ரோஸைக் கேப்டன் என்று கையைத் தூக்கினார்கள். பழைய பாவாடையில் கிழித்த ஒரு துண்டை அவள் சட்டைக் கையில் கட்டினார்கள். நோரா வேலியோரத்தில், வேலி இல்லை, மாட்டுத் தொட்டியோரத்தில், நின்றாள்.

வாட்டில் பூத்திருந்தது. நான் கட்டியிருந்தேன். இந்தத் தடவை கரும்பச்சை இலை வைக்கவில்லை, ஊதா ரிப்பன் இல்லை. ஆனாலும் வட்டம் வட்டம்தானே. ஆம்பூர்க் கண்ணால் பார்த்தால் மாலை, மெல்போர்ன் கண்ணால் பார்த்தால் சாவு வளையம். எந்தக் கண்ணால் பார்ப்பது என்று எனக்கே நிச்சயமில்லாமல், அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஆட்களுக்கு நடுவே போனேன். முதுகுக்குப் பின்னால் மறைத்தால் பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியும் என்கிற யோசனையும் எனக்கு வரவில்லை. பெண்கள் சிரித்துவிட்டார்கள். ரோஸ் திரும்பினாள்.

தும்மல் வந்தது. அடக்கினேன். முழங்கால் இரண்டும் பழைய தோஷத்தில் தாமாக மடிய ஆரம்பித்தன. மாலையை நீட்டி, "கேப்டனம்மா, போடட்டுமா? இல்ல, ஆத்துல போட்டுடட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் என் முழங்காலைப் பார்த்தாள். பிறகு மாலையைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு, இங்கிலீஷில் அல்ல, நம் பேச்சிலேயே சொன்னாள்:

"நின்னுகினே போடு, நைனா."